குளிக்கப் போன நேரம்

குழந்தை பிறந்து ஐந்து வாரமாகியிருந்தது. புது நாடு, புது மொழி. அவளுடைய அம்மா கடல் தாண்டி ஊரில் இருந்தாள். கணவன் விடிந்ததும் கிடங்கு வேலைக்குப் போனால் பொழுது சாய்ந்துதான் வருவான். அவளுக்குத் துணை என்று இருந்தது, ஆஸ்பத்திரியிலிருந்து தினமும் ஒரு நர்ஸின் குரலில் போனில் தமிழில் வரும் தாய்மார் பாடம்தான். அன்றைய பாடம், ‘குழந்தை தூங்கும்போது நீங்களும் தூங்குங்கள்’ என்றது. அவளுக்குச் சிரிப்புகூட வரவில்லை. பதில் எழுதும் இடத்தில், “குளிச்சு மூணு நாளாச்சு” என்று மட்டும் தட்டி அனுப்பினாள்.

கொஞ்ச நேரத்தில் அழைப்பு வந்தது. பாடத்தில் பேசும் அதே நர்ஸின் குரல்.

“பாப்பா பால் குடிச்சுட்டாளா?”

“இப்பத்தான் குடிச்சா. கீழ விட்டா அழுவாக்கா. அதுக்குப் பயந்தே நான் எங்கயும் நகர்றதில்ல.”

“தொட்டில்ல மல்லாக்கப் படுக்க வைங்க. போனை ஸ்பீக்கர்ல போட்டுப் பக்கத்துல வச்சுட்டு, கதவைத் திறந்துவச்சே குளிங்க. நான் கேட்டுக்கிட்டே இருக்கேன். ஏதாவதுன்னா சத்தம் போட்டுக் கூப்பிடுறேன்.”

கூச்சமாகத்தான் இருந்தது. ஆனாலும் போனாள். வெந்நீர் தலையில் விழுந்ததும் அழுகை பொத்துக்கொண்டு வந்தது. நின்றபடியே அழுது தீர்த்தாள். ஈரத்தலையோடு ஓடிவந்து பார்த்தால், குழந்தை விரலைச் சப்பிக்கொண்டு கிடந்தது.

“அழுதாளாக்கா?”

“ரெண்டு தடவை சிணுங்கினா. பேச்சுக் கொடுத்தேன், அடங்கிட்டா. நீங்க அழுததும் கேட்டுச்சு. நாளைக்கும் இதே நேரத்துக்குக் கூப்பிடுறேன்.”

அவள் சரி என்றாள். களைப்பு எங்கும் போய்விடவில்லை. தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, காலையில் போட்டு ஆறிப்போன காப்பியை எடுத்துக் கடைசிச் சொட்டுவரை குடித்தாள்.