வெள்ளவத்தையில் ஓடிய படமும் கொட்டாஞ்சேனையில் செத்தவரும்

வெள்ளவத்தைத் தியேட்டரில் படம் ஓடும் நேரமெல்லாம் கொட்டாஞ்சேனையில் நமசிவாயம் செத்துக் கிடந்தார். வெங்காய விலை இறங்கிய மாதம் அது. அவர் மூட்டை தூக்குகிறவர். பாரத்துக்கு அடியில் மூச்சடக்கிப் பழகிய உடம்பு என்று டைரக்டர் சயந்தன் அவரைப் பிணமாக நடிக்கக் கூட்டிப்போயிருந்தான். கதை ஒரு நாவலில் இருந்து எடுத்தது. கோயில் தர்மகர்த்தா ஒருவர் இருக்கக்கூடாத வீட்டில் செத்துப்போகிறார். மானத்துக்குப் பயந்த வீட்டுக்காரர் பிணத்தை அடுத்த வீட்டு வாசலில் போட, அவர்கள் அதற்கடுத்த வீட்டில் போடுகிறார்கள். நாவல் வந்தபோது அதை வாசிக்காதவர்களும் எரித்தார்கள். படத்திலோ அதே பிணத்துக்குச் சனம் வயிறு குலுங்கச் சிரித்தது. பிணமாக நடித்தவர் தோஷம் கழியக் கடைசியில் கமராவைப் பார்த்து ஒருதரம் சிரிக்கவேண்டும் என்பது சினிமாக்காரர் வழக்கம். அன்று மழை இருட்டியதால் சயந்தன் அதை எடுக்காமல் விட்டுவிட்டான்.

முதல் காட்சியன்று நமசிவாயம் மூட்டையோடு சரிந்தார். ஆஸ்பத்திரியில் முடிந்துவிட்டது என்றார்கள். படம் முடிந்ததும் எழும்பித் தண்ணீர் கேட்டார். மறுநாளும் அதே நேரம், அதே சாவு. போஸ்டரில் காட்சி நேரத்தைப் பார்த்து மனைவி நேசத்துக்கு விசயம் விளங்கியது. சயந்தன் பிறகு அவரைச் சிரிக்கவைத்தும் எடுத்துப் பார்த்தான். பல் தெரிந்ததே தவிரச் சாவு நிற்கவில்லை. படத்தை நிறுத்தினால் போதுமென்று, நாவலை எதிர்த்துத் தியேட்டர் வாசலில் நின்ற கூட்டத்தோடு நேசமும் போய்ச் சேர்ந்தாள்.

"அக்கா, நாவல் வாசிச்சனீங்களோ?" என்றான் பதாகை பிடித்தவன்.

"நீர் வாசிச்சனீரோ?"

அவன் பதாகையை இன்னும் உயர்த்திப் பிடித்தான். எல்லாரிலும் நேசத்தின் தொண்டைதான் பெரிது. அந்தச் சத்தம் போன்களில் ஊரெல்லாம் பரவ, சனம் முண்டியடித்து வந்தது. நாளுக்கு ஒன்றாக இருந்த காட்சி மூன்றானது.

படத்தைத் தூக்கப்போகிற நாள், கடைசிக் காட்சியின் நடுவில் கரண்ட் போனது. சனம் எழும்பிப் போய்விட்டது. நமசிவாயம் எழும்பவில்லை. உதடு நீலம் பாரிக்க, அயலவர்கள் சவப்பெட்டிக்காரனுக்குச் சொல்லிவிட்டார்கள். நேசம் ஓட்டோ பிடித்து வெள்ளவத்தைக்குப் பறந்தாள்.

"தம்பி, மிச்சத்தை ஓட்டும்."

"சனமெல்லாம் போட்டுதக்கா. ஆருக்கு ஓட்ட?" என்றான் கடைசிக் காட்சிக்கு வந்திருந்த சயந்தன்.

"எனக்கு ஓட்டும். மனுசன் அங்க விறைச்சுப்போய்க் கிடக்கு."

ஜெனரேட்டரில் ஓட்டினார்கள். வெறும் கதிரைகளுக்கு நடுவில் இருந்து பார்த்தாள். பிணத்தை பிரிட்ஜுக்குள் மடித்து அடைக்கிற இடத்தில் அடக்கியும் முடியாமல் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். வீட்டுக்கு வந்தபோது அவர் சவப்பெட்டிக்காரனோடு பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தார்.

இப்போது படம் போனில் கிடைக்கிறது. வத்தளையில் பார்க்கிறார்கள், கனடாவில் பார்க்கிறார்கள். நேரம் காலம் இல்லை. வேலையில் விழுந்தால் கூட்டாளிகள் மூட்டையை இறக்கி, அவரை நிழலில் கிடத்தி, கண்ணை மூடிவிட்டு அடுத்த லொறிக்குப் போகிறார்கள். சோற்றில் கைவைத்தபடி சரிந்தால் நேசம் கோப்பையை மூடிவைப்பாள். நெடுநேரமாகியும் எழும்பாவிட்டால், "ஆரோ பாதியில நிப்பாட்டிப்போட்டுப் படுத்திட்டினம்" என்று சொல்லி, ஈ மொய்க்காமல் ஃபேனை அவர் பக்கம் திருப்பிவிட்டு, கறியை மறுபடி அடுப்பில் வைப்பாள்.