சீக்கு மரம்

வெள்ளகோவிலில் மர மில் வைத்திருக்கும் ஈஸ்வரமூர்த்தி, ராசாத்தாளின் தோட்டத்து வாகையைப் பார்த்த அன்றே கண்டுகொண்டார். அடிமரத்தில் பானை பானையாய்ப் புடைத்திருந்த முண்டுக்குள் என்ன இருக்குமென்று அவருக்கா தெரியாது? ஆனாலும், "சீக்குப் புடிச்ச மரமுங்க, விறகு வெலதான் தேறும்" என்றார். நாக்கு கூசவே இல்லை. அந்தம்மாள் நம்பிக் கொடுத்துவிட்டாள்.

ஒரு மாதம் கழித்து முண்டை அறுத்தார். ஈரத்துணியால் பலகையைத் துடைத்ததும் மயில்தோகைக் கண்களாகச் சுழி சுழியாய் ரேகை எழும்பி வந்தது. கோயமுத்தூரில் டேபிள் செய்கிறவர்கள் கேட்ட விலை கொடுப்பார்கள். அப்போது பார்த்து வாசலில் ராசாத்தாளின் குரல். அவசரமாகச் சாக்கை எடுத்துப் பலகைமேல் போட்டார்.

"ஏனுங்க கண்ணு, கெணத்தோரம் இன்னொரு வாகை நின்னுச்சில்லீங்க? அதுல இதவிடப் பெரிய முண்டு. நீங்க சொன்ன சீக்கு தென்னைக்கும் பரவிப்போடும்னு பயந்து, வெட்டிச் செங்கச் சூளைக்குக் குடுத்துப்போட்டனுங்க. நேத்து எரிஞ்சே போச்சு. நல்லவேளை நீங்க சொன்னீங்க."

உண்மையைச் சொல்லிவிடு என்று ஈஸ்வரமூர்த்தியின் நெஞ்சு இடித்தது. சாக்கைப் பிடித்த கை விடவில்லை.

அந்தக் கைகளில் அப்பியிருந்த மரத்தூளை அப்போதுதான் அவள் பார்த்தாள். "ஐயோ, சீக்கு மரத்தூளு ஒடம்புக்கு ஆவாதுங்க கண்ணு. மொதல்ல சோப்புப் போட்டுக் கையக் கழுவுங்க" என்று பதறினாள்.

அவர் குழாயடிக்குப் போய், அவள் பார்த்துக்கொண்டிருக்க, முழங்கை வரைக்கும் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார்.