வெற்றுத் தகட்டில் வந்த வளையம்

அந்த ஆராய்ச்சிக் கூடத்தின் அடித்தளத்தில் காந்த அளவி இருக்கும் அறைக்கு ஒரு சட்டம் உண்டு. இரும்பு என்று பெயர் சொல்லக்கூடிய எதுவும் உள்ளே வரக்கூடாது. சட்டத்தை எழுதியவர் யாரோ, அதை நடத்திக் காட்டியவள் காந்தக்கா. கைக்கடிகாரம், சாவிக்கொத்து, கொண்டை ஊசி எல்லாம் வாசலில் இருக்கும் பிளாஸ்டிக் கூடையில் விழவேண்டும். ஒருமுறை பார்வையிட வந்த பெரிய அதிகாரியிடம் பெல்ட்டையும் கழற்றச் சொல்லிவிட்டாள். மனிதர் ஒரு கையால் கால்சட்டையைப் பிடித்தபடி கருவியைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனார்.

டிப்ளமோ முடித்துவிட்டு வேலைக்குச் சேர்ந்தவள், பதினோரு வருடமாக அந்த ஒரு கருவியோடுதான் இருக்கிறாள். கருவியைக் குளிர்விக்கும் திரவ ஹீலியம் தீரப்போகிறதா என்பதைப் பம்பின் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவாள். அவளுடைய சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. மற்ற இடங்களில் எல்லாருக்கும் அவள் காந்தக்காதான்.

அவளுடைய ஓரகத்தியும் அதே கூடத்தில்தான் இருந்தாள். கொழுந்தனைக் கல்யாணம் செய்துகொண்டு வந்தவள், மாடியில் மூன்றாவது வருட ஆராய்ச்சி மாணவி. வீட்டில் அவளுக்குப் பெயர் சின்னவள். இருவரும் ஒரே வீட்டிலிருந்து ஒரே பேருந்தில் வந்து, ஒருத்தி மாடிப்படி ஏறுவாள், ஒருத்தி இறங்குவாள்.

சின்னவள் தன் ஆராய்ச்சியைப் பேருந்திலேயே விளக்கியிருந்தாள்.

"நோட்டுப் புத்தகம் மாதிரி அக்கா. தாள் தாளா அடுக்கின பொருள். ஒரு தாள் கனம் சில அணுதான். நான் நகத்தளவு தகட்டு மேல மூணே மூணு தாள் வளர்க்கிறேன். அது செமிகண்டக்டராவும் இருக்கும், காந்தமாவும் இருக்கும்."

"இருந்தா?"

"இப்போ போன்ல கணக்குப் போடுறதுக்கு ஒரு சிப், ஞாபகம் வச்சுக்கிறதுக்கு இன்னொரு சிப். ரெண்டு வேலையையும் இது ஒண்ணே பார்க்கும். எலக்ட்ரான் எந்தப் பக்கம் சுழலுதுங்கிறதை வச்சே வேலை நடக்கும். அவ்வளவா சூடும் ஆகாது. ஸ்பின்ட்ரானிக்ஸ்னா இதுதான்."

"போன் சூடாகாதா? அப்போ உன் வீட்டுக்காரர் அதைக் கீழயே வைக்க மாட்டாரே!"

ஒரே ஒரு சிக்கல்தான். இந்த மாதிரிப் பொருட்களில் பெரும்பாலானவை கடும் குளிரில் மட்டுமே காந்தமாக இருக்கும். சூடு ஏற ஏற காந்தம் கரைந்துவிடும். சாதாரண அறையின் வெப்பத்திலும் காந்தமாகவே நிற்கும் ஒன்று கிடைத்தால் கண்டுபிடித்தவர் காட்டில் மழைதான்.

அந்த மழை சின்னவளுக்குப் பெய்தது. ஏழு தகடுகளைக் கீழே அனுப்பினாள். ஐந்தில் காந்தம் தெரிந்தது, அதுவும் அறை வெப்பத்தில். காந்தப் புலத்தைக் கூட்டிக் குறைக்கும்போது திரையில் கோடு போன வழியே திரும்பாமல் வேறு வழியாகத் திரும்பி ஒரு வளையம் போட்டால், உள்ளே காந்தம் இருக்கிறது என்று அர்த்தம். ஐந்து தகடும் வளையம் போட்டன. சின்னவளின் வழிகாட்டியான பேராசிரியருக்குத் தலைகால் புரியவில்லை. கட்டுரை எழுதி முடிப்பதற்குள்ளாகவே வெள்ளிக்கிழமை பத்திரிகையாளர்களைக் கூப்பிட்டுவிட்டார். வீட்டில் மாமியார் எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் சின்ன மருமகளின் பெயர் பேப்பரில் வரப்போவதைச் சொல்லித் தீர்த்தாள்.

காந்தக்காவுக்கு மட்டும் அந்த வளையங்கள் உறுத்தின. ஐந்தும் ஒரே கனம், ஒரே பொருள். ஆனால் வளையங்கள் ஐந்தும் ஐந்து அளவில் இருந்தன. அதைக்கூட விட்டுவிடலாம். கடும் குளிரிலும் அறை வெப்பத்திலும் வளையம் ஏறக்குறைய மாறாமல் அப்படியே நின்றது. மூன்று தாள் கனமுள்ள பொருள் சூட்டில் கொஞ்சமாவது தளர வேண்டாமா? இவ்வளவு நெஞ்சழுத்தம் அவளுக்குத் தெரிந்து இரும்புக்குத்தான் உண்டு.

புதன்கிழமை மதியம் எல்லாரும் சாப்பிடப் போன நேரத்தில், சின்னவள் தகடு எடுக்கும் அதே பெட்டியிலிருந்து எதுவுமே வளர்க்காத வெற்றுத் தகடு ஒன்றை எடுத்துக் கழுவி, பிளாஸ்டிக் இடுக்கியால் கருவிக்குள் வைத்தாள். வளையம் இல்லை. வெளியே எடுத்தாள். வாசல் கூடைக்குப் போய், மாடியில் தகடுகளைப் பிடிக்கச் சின்னவள் பயன்படுத்துவதும், காலையில் அங்கே போட்டுவிட்டுப் போயிருந்ததுமான எஃகு இடுக்கியால் அந்தத் தகட்டின் ஓரத்தை ஒரே ஒருமுறை அழுத்திப் பிடித்தாள். திரும்பவும் அளந்தாள்.

கொழுகொழுவென்று ஒரு வளையம் வந்தது.

அவள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். அறைக்குள் விடாமல் பதினோரு வருடம் அவள் தடுத்து வைத்த இரும்பு, மாடியிலேயே தகட்டின் ஓரத்தில் கண்ணுக்குத் தெரியாத தூளாக ஏறி உட்கார்ந்து, அவள் கையாலேயே உள்ளே வந்திருக்கிறது. இன்னும் இரண்டு வெற்றுத் தகடுகளில் செய்து பார்த்தாள். இரண்டிலும் அதே கதை. மூன்று அளவீட்டையும் நேரம் போட்டு, கருவியின் பதிவேட்டில் பேனாவால் எழுதினாள்.

அன்று சாயங்காலம் சமையலறையில் சின்னவள் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். காந்தக்கா சுற்றி வளைக்காமல் விஷயத்தைச் சொன்னாள். சின்னவளின் கத்தி அப்படியே நின்றது.

"யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"உன்கிட்டதான் முதல்ல சொல்றேன்."

"அஞ்சு தகடு அக்கா! அஞ்சுலயுமா இரும்புத்தூள் ஒட்டும்?"

"ஏழுல அஞ்சு. ஒட்டாத ரெண்டை என்ன பண்ணீங்க?"

"அது சரியா வளரலைன்னு சார் ஓரமா வைக்கச் சொன்னார்."

"அதுதான் சரியா வளர்ந்ததோ என்னவோ."

சின்னவள் முகம் சிவந்தது. "மூணு வருஷம் ராப்பகலா கிடந்திருக்கேன். நாளன்னைக்கு எனக்கு நல்லது நடக்கப்போகுது. அது உங்களுக்குப் பொறுக்கலைன்னா நேரா சொல்லிடுங்க. பொறாமைக்கு இயற்பியல் சாயம் பூசாதீங்க!"

ஹாலில் தொலைக்காட்சியின் சத்தம் சட்டென்று குறைந்தது. மாமியார் காதைத் தீட்டிக்கொண்டாள் என்று அர்த்தம். காந்தக்காவின் நாக்கு நுனிவரை பத்துப் பதில் வந்தது. அத்தனையையும் விழுங்கிவிட்டு அடுப்பைச் சின்னதாக்கினாள்.

மறுநாள் காலை பேராசிரியர் அழைத்தார். மேசையில் அளவீட்டுச் சான்று தயாராக இருந்தது. கட்டுரையோடு அது போகவேண்டும், கருவியை இயக்கியவரின் கையெழுத்து அதில் இருக்கவேண்டும்.

"ஒரு கையெழுத்துப் போட்டுடுங்கம்மா."

"போட முடியாது சார்." பதிவேட்டைத் திறந்து வைத்து வெற்றுத் தகட்டின் கதையைச் சொன்னாள்.

அவர் பதிவேட்டைப் பார்க்கவே இல்லை. "நீங்க மெஷின் ஓட்டுறவங்க. வந்த நம்பரைக் குடுக்கிறது உங்க வேலை. அதுக்கு அர்த்தம் சொல்றது எங்க வேலை."

"மெஷின் ஓட்டுறவதான் சார். அதனாலதான் சொல்றேன். இந்தச் சான்றுல 'மாதிரியிலிருந்து வந்த காந்தம்'னு எழுதியிருக்கு. 'இடுக்கியிலிருந்து வந்த காந்தம்'னு மாத்துங்க, இப்பவே போட்டுத் தர்றேன்."

அவர் சான்றைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "கருவிகளுக்கு நான்தான் பொறுப்பு. நாளைக்கே உங்களை ஸ்டோருக்கு மாத்த என்னால முடியும். தெரியும்ல?"

"தெரியும் சார். மாத்துங்க. ஆனா வாய்ச்சொல்லா வேணாம், எழுத்துல குடுங்க. காரணத்தையும் சேர்த்து எழுதுங்க."

கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்தாள். பதிவேட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு படியிறங்கினாள்.

சாயங்காலம் அவள் வருவதற்குள் சேதி போனிலேயே வீடு போய்ச் சேர்ந்திருந்தது. "ஒரு கையெழுத்துத்தானே! நம்ம வீட்டுப் பொண்ணுக்கு நீயே குறுக்க நிக்கலாமா?" என்று மாமியார் கேட்டாள். புருஷன் செருப்பைக்கூடக் கழற்றாமல், "எதுக்கு வம்பு? எல்லாரும் போடுறதுதானே" என்றான்.

"எல்லாரும் போடுறாங்கன்னா எல்லார்கிட்டயும் போய் வாங்கிக்கட்டும். என் பேனா என்கிட்டதான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு அவள் துணி மடிக்க உட்கார்ந்தாள்.

அன்று வீடு திரும்பிய பேருந்திலேயே சின்னவள், பக்கத்தில் இடம் இருந்தும் நாலு இருக்கை தள்ளி உட்கார்ந்து, ஜன்னல் பக்கம் பார்த்தபடி நகத்தைக் கடித்துக்கொண்டே வந்தாள். வெள்ளிக்கிழமை காலை பேருந்தில் அவளைக் காணவில்லை. முந்தின பேருந்திலேயே போய்விட்டாள் என்றான் கொழுந்தன்.

காந்தக்கா அடித்தளத்துக்கு இறங்கியபோது அறை வாசலில் சின்னவள் நின்றுகொண்டிருந்தாள். காதுத் தோடுமுதல் கூடையில் போட்டாகிவிட்டது. கையில் ஓரமாக வைக்கச் சொன்ன அந்த இரண்டு தகடுகள்.

"மெஷின் காலியா இருக்கா அக்கா?"

"உனக்கு இருக்கு."

"நேத்து மத்தியானம் நானும் ஒரு வெற்றுத் தகட்டை எடுத்து, என் இடுக்கியால பிடிச்சுட்டு, ஓரத்தை நல்ல மைக்ராஸ்கோப்ல வச்சுப் பார்த்தேன்." கையிலிருந்த தகடுகளையே பார்த்தாள். "பொடிப்பொடியா மின்னுது. என்னோட அஞ்சு தகட்டு ஓரத்துலயும் அப்படித்தான் மின்னுது. நான் சமையலறையில பேசினதை..."

"அதெல்லாம் அப்புறம். தகட்டைக் குடு."

அறை வெப்பத்தில் இரண்டிலும் ஒன்றுமில்லை. கோடு போன வழியே திரும்பி வந்தது. குளிர்விக்க ஆரம்பித்தார்கள். பூஜ்யத்துக்குக் கீழே ஐம்பது, நூறு என்று இறங்கியும் ஒன்றுமில்லை. சின்னவள் கண்ணை மூடிக்கொண்டாள். நூற்று ஐம்பதைத் தாண்டியதும் கோடு லேசாக வாய் திறந்தது. நூற்று எண்பதில் ஒல்லியாக ஒரு வளையம். இன்னும் குளிர்விக்க, அது அகன்றது. சூடேற்ற, சுருங்கி மறைந்தது. இரண்டாவது தகட்டிலும் அதே அளவு, அதே இடம்.

"இது உன்னோடது" என்றாள் காந்தக்கா. "அந்த அஞ்சுல இரும்போட கொழுத்த வளையம் இதை மறைச்சிருக்கு. கொஞ்சம் கூச்ச சுபாவம். ஆனா நிஜம்."

சின்னவள் சிரிக்கவும் செய்தாள், மூக்கை உறிஞ்சவும் செய்தாள்.

பதினோரு மணிக்கு மாடி அரங்கில் பத்திரிகையாளர்கள் கூடினார்கள். பேராசிரியர் பதினைந்து நிமிடம் உலகத்தை மாற்றினார். பிறகு, "இதைச் செய்தவங்களே பேசுவாங்க" என்று ஒலிவாங்கியைச் சின்னவளிடம் நீட்டினார்.

அவள் எழுந்து நின்றாள். "இந்தத் தகடுகள் அறை வெப்பத்துல காந்தம் இல்லை. நாங்க அளந்தது என்னோட இடுக்கியில இருந்து ஒட்டின இரும்புத்தூள். இது எங்க காந்த அளவியை இயக்குறவங்க கண்டுபிடிச்சது, நான் சரிபார்த்துட்டேன். பொருள் பூஜ்யத்துக்குக் கீழே நூத்தியம்பது டிகிரியைத் தாண்டினாத்தான் காந்தமாகுது. அதுக்கு மட்டும்தான் என் பேரைப் போடுவேன். மத்ததுல போட்டா எடுத்துடுங்க."

பேராசிரியர் ஒலிவாங்கியை வாங்கி, "இளம் வயசு, பதட்டம்" என்று பூசி மெழுகப் பார்த்தார். கேட்க ஆள் இல்லை. பாதிப் பேர் அடித்தளத்துக்கு வழி கேட்டுக்கொண்டிருந்தார்கள். கீழே காந்தக்கா அவர்கள் ஒவ்வொருவரிடமும் பேனா முதல் பெல்ட்வரை வாங்கிக் கூடையில் போட்டுவிட்டுத்தான் பதிவேட்டைக் காட்டினாள்.

அதற்காக யாரும் மாலை போடவில்லை. திங்கட்கிழமையே அவளுக்கு ஸ்டோருக்கு மாற்றல் உத்தரவு வந்தது. எழுத்தில்தான் வந்தது, 'நிர்வாக வசதி' என்று காரணம் போட்டு. அது காரணமில்லை என்று அவளும் எழுத்தில் பதில் கொடுத்தாள். அதற்குப் பதில் வரவில்லை, மறுபடி எழுதினாள். சின்னவளைப் பேராசிரியர் கைகழுவிவிட்டார். வேறொரு வழிகாட்டியைத் தேடிப் பிடிப்பதற்குள் ஐந்து மாதம் போய்விட்டது. மாமியார் ஒரு மாதம் இரண்டு மருமகள்களோடும் பேசவில்லை. பிறகு தனியாகத் தொலைக்காட்சி பார்த்து அலுத்துப்போய், தானாகவே பேச ஆரம்பித்தாள்.

ஒன்றரை வருடம் கழித்து, சின்னவள் தன் குளிர்காந்தத்தைப் பற்றிக் கூடத்தில் உரை நிகழ்த்தினாள். ஆராய்ச்சியாளர்களுக்கு மட்டும் என்று அறிவிப்பில் இருந்தது. காந்தக்கா ஸ்டோரைப் பூட்டிவிட்டு, மேலங்கியைக் கழற்றாமல் போய் முன்வரிசையில் உட்கார்ந்தாள். இரண்டு இருக்கை தள்ளிப் பேராசிரியர் இருந்தார்.

உரை முடிந்ததும் முதல் கேள்வி அவருடையதுதான். "இந்தச் சிக்னலும் வெளியிலிருந்து வந்த அழுக்கு இல்லைன்னு எப்படி நம்புறது?"

சின்னவள் சிரித்தாள். "நியாயமான கேள்வி சார். முதல்ல அளந்தவங்க இங்கேயே இருக்காங்க. அவங்க சொல்வாங்க."

காந்தக்கா எழுந்தாள். வெற்றுத் தகடு எத்தனை, இடுக்கி தொட்டது எத்தனை, தொடாதது எத்தனை, ஒவ்வொன்றையும் எந்த வெப்பத்தில் எத்தனை தடவை அளந்தாள் என்று ஒரு தாளும் இல்லாமல் சொல்ல ஆரம்பித்தாள். பின்வரிசையில் மாணவர்கள் நோட்டை எடுத்தார்கள். பாதியில் பேராசிரியர் கையை உயர்த்தி, "போதும்மா, புரிஞ்சுது, உட்காருங்க" என்றார்.

"இன்னும் நாலு அளவு பாக்கி இருக்கு சார்" என்றாள் அவள், நின்றபடியே.