பாதாளம் மூன்றாம் ஆண்டில்தான் வரும்

ஞாயிறு இரண்டாம் பூசை முடிந்ததும், பூசை உடுப்பின் பிரிந்த ஓரத்தைத் தைத்து எடுத்துக்கொண்டு தையல்காரி கோயிலின் பின்னறைக்குப் போனாள். பங்குத்தந்தை அவசரத்தில் இருந்தார். வெளியே ஞானஸ்நானத்துக்குக் காத்திருந்த குழந்தை வீறிட்டுக்கொண்டிருந்தது.

"ஃபாதர், ஒரு சந்தேகம். ஆண்டவர் செத்ததும் பாதாளத்துக்கு இறங்கினார்னு விசுவாச அறிக்கையில வாராவாரம் சொல்றோமே, எதுக்கு இறங்கினார்? அங்க இருந்தவங்களக் கூட்டிட்டு வந்தாரா?"

அவளுடைய அண்ணன் இறந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. முப்பது வருஷமாகக் கோயில் பக்கம் தலைவைத்துப் படுக்காதவர். கடைசி நாளில் எண்ணெய் பூசி ஜெபித்து நோயில்பூசுதல் கொடுக்க வந்த இதே பங்குத்தந்தையிடம், "வந்த வழியே போங்க சாமி" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டவர்.

"வியாழக்கிழமை சாயங்காலம் வாங்கம்மா. நிதானமாப் பேசலாம்."

வியாழக்கிழமை இன்னும் நாலு பேர் வந்திருந்தார்கள். கால் ஆடும் நாற்காலிகளை ஒதுக்கி வைக்கும் அறையில் உட்கார்ந்தார்கள். பஸ் டிரைவர் முந்திக்கொண்டு, நோவா தன் மரக்கப்பலில் கறையானையும் ஏற்றினாரா என்று கேட்டார். ஒன்றரை மணி நேரத்தைக் கறையானே தின்றுவிட்டது.

"உங்களோடது அடுத்த வாரம்மா" என்றார் பங்குத்தந்தை.

அடுத்த வாரம் பன்னிரண்டு பேர். அவர்களில் ஒருவர், பத்திரப்பதிவு அலுவலகத்தில் முப்பத்தைந்து வருஷம் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். ஊரே அவரை ரப்பர் ஸ்டாம்ப் என்றுதான் கூப்பிடும். அறையைச் சுற்றிப் பார்த்தவர், "வருகைப் பதிவேடு எங்க?" என்றார். இல்லை என்று தெரிந்ததும் அவர் முகம் மலர்ந்தது.

அதற்குப் பிறகு வளர்ச்சியைக் கையால் பிடித்து நிறுத்த முடியவில்லை. ஆறு மாதத்தில் அந்த வியாழக்கிழமை, 'வயதுவந்தோர் விசுவாசக் கல்வி நிறுவனம்' ஆயிற்று. ரப்பர் ஸ்டாம்ப் இயக்குநர் ஆனார். பங்குத்தந்தையைப் 'புரவலர்' ஆக்கி, பேசவேண்டிய அவசியமே இல்லாத ஓர் இடத்தில் உட்காரவைத்தார்கள். விசுவாசம் வைத்திருந்தவர்கள் இனிமேல் இரண்டு புகைப்படமும் வைத்திருக்கவேண்டும். விண்ணப்பத்தில் 'விசுவாசத்தின் தற்போதைய நிலை' என்று ஒரு கேள்வி இருந்தது: நன்று, சுமார், சொல்ல விருப்பமில்லை. தையல்காரி 'சுமார்' என்பதில் டிக் போட்டாள். டிரைவர் மூன்றிலும் போட்டார்.

முதல் வகுப்பிலேயே அவள் கையைத் தூக்கினாள். விரிவுரையாளர் பாடத்திட்டத்தைப் புரட்டிப் பார்த்தார்.

"பாதாளம் மூணாம் வருஷம்மா. இப்ப நாம படைப்புல இருக்கோம்."

அவள் விடவில்லை. பகலில் பள்ளிச் சீருடைகளுக்குக் காஜா எடுத்தாள், மாலையில் குறிப்பெடுத்தாள். முதலாண்டுச் சான்றிதழ் வாங்கினாள். இரண்டாமாண்டில் வருகைக்கான பரிசாக, விரிவுரையாளர் எழுதிய புத்தகமே கிடைத்தது. மூன்றாமாண்டு தொடங்கும்போது பாடத்திட்டத்தைச் சீர்திருத்தினார்கள். பாதாளம் முதுகலைப் பட்டயத்துக்குப் போய்விட்டது.

அந்த வருஷம்தான் நிறுவனத்துக்குப் புதுக் கட்டடம். திறப்பு விழாவுக்கு ஆயர் வந்தார். முதல் மாணவி என்று தையல்காரியை மேடையேற்றினார்கள். அவள் பேசவேண்டியதை ரப்பர் ஸ்டாம்ப்பே எழுதி, அடியில் முத்திரையும் குத்திக் கொடுத்திருந்தார்.

"இந்நிறுவனம் என் ஐயங்கள் அனைத்தையும் களைந்து..." என்று வாசித்தவள் நின்றாள். காகிதத்தை மடித்தாள்.

"மன்னிச்சுக்கோங்க. எனக்கு இருந்தது ஒரே ஒரு சந்தேகம். அது அப்படியேதான் இருக்கு" என்று சொல்லி, மைக்கிலேயே அதைக் கேட்டுவிட்டாள். அண்ணனைப் பற்றியும் சொன்னாள்.

ஆயர் இயக்குநரைப் பார்த்தார். இயக்குநர் விரிவுரையாளரைப் பார்த்தார். விரிவுரையாளர், "அது முதுகலை..." என்று இழுத்தார். மேடையின் கோடியிலிருந்து பங்குத்தந்தை எழுந்து வந்தார். மைக்கை வாங்கிக்கொண்டார்.

"இத நான் அன்னிக்கே, உடுப்பு மாட்டுற அறையில வச்சே சொல்லியிருக்கணும். நீங்க யாரப் பத்திக் கேக்குறீங்கன்னு எனக்குத் தெரியும். அவர் என்னைத் திருப்பி அனுப்பினதுல எனக்கு வருத்தம். அதான் தள்ளிப் போட்டேன்." அவளைப் பார்த்துச் சொன்னார். "ஏறி வர முடியாதவங்களத் தேடித்தான்மா ஆண்டவர் இறங்கினார். உங்க அண்ணன் எங்க இருக்கார்னு எனக்குத் தெரியாது. ஆனா நான் ஒரு தடவ போயிட்டுத் திரும்பிட்டேன். ஆண்டவர் அப்படித் திரும்புற ஆள் இல்ல."

முழுசாக ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. டிரைவர் பின்வரிசையிலிருந்து, "இதுக்கா மூணு வருஷம் படிக்க வச்சீங்க?" என்று சத்தமாகவே கேட்டார். ஆயர் சிரித்துவிட்டார். இயக்குநரும் சிரிக்கவேண்டியதாயிற்று. தையல்காரி மட்டும் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

நிறுவனம் லேசுப்பட்டதா? அடுத்த மாதமே 'கேள்வி கேட்கும் கலை' என்று ஆறு மாதச் சான்றிதழ் வகுப்பை அறிவித்தது. சுவரொட்டியில் அவள் அழுகிற படம். பங்குத்தந்தையின் பதிலை நான்கு குறிப்புகளாகப் பிரித்து மாதிரி விடை ஆக்கியிருந்தார்கள். நேரில் கேட்டவர் என்பதால் அவளுக்கு நுழைவுத்தேர்வு மட்டும் கிடையாதாம்.

அவள் சேரவில்லை. வியாழக்கிழமை மாலை அண்ணி வீட்டுக்குப் போய், நடந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னாள். அண்ணி துணி மடிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டாள். ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை.

"ஆண்டவர் போயிருப்பார், சரி. உங்க அண்ணன் லேசுல கிளம்பி வந்திருப்பாரா? செருப்பு எங்க, கண்ணாடி எங்கன்னு ஆண்டவரையே தேட விட்டிருப்பார்."

இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். பிறகு அண்ணி அடுத்ததாக அண்ணனின் சட்டையை எடுத்து, அதன் கையைத் தடவித் தடவி மடித்தாள்.