நடுவில் நின்ற குரல்

கெய்ரோவின் ஹீலியோபொலிஸ் பகுதியில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்த ரிஃபாத்துக்கு ஊரில் இரண்டு பெருமைகள். ஒன்று கடை. மற்றது, வீட்டின் முன்னறையில் அவர் கட்டி எழுப்பியிருந்த பாட்டுப் பெட்டிகள். சூடேறினால்தான் பாடுவேன் என்று அடம்பிடிக்கும் வால்வு ஆம்ப்ளிஃபயர், அலமாரி உயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர்கள், வேறு யார் கையும் படக்கூடாத இசைத்தட்டு இயந்திரம். எல்லாம் வருஷக்கணக்கில் தேடித் தேடிச் சேர்த்தவை. வியாழன் சாயங்காலம் ஓய்வுபெற்ற நீதிபதி இஸ்மத் பே நண்பர்களைக் கூட்டிக்கொண்டு வருவார். பழைய மேடைக் கச்சேரிகளை ரிஃபாத் ஓடவிடுவார். பாடகி ஒரே வரியைத் திருப்பித் திருப்பி, ஒவ்வொரு தடவையும் வேறு விதமாகப் பாடும்போது நீதிபதி தொடையில் தட்டி "அல்லாஹ்!" என்பார். அந்த ஒரு சொல்லுக்காகவே ரிஃபாத் வாரம் முழுக்கக் காத்திருப்பார்.

கீழ்வீட்டில் இருந்தவன் ஷுக்ரி, ரிஃபாத்தின் மனைவி சஃபினாஸின் தம்பி. லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனியில் வேலை. தனிக்கட்டை, வாய் ஓயாமல் சிரிப்பவன். ரிஃபாத்தை மரியாதையாக 'பாஷா' என்றுதான் கூப்பிடுவான். மாமனார் கட்டிய அந்தக் கட்டடத்தில் இரண்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரே இன்டர்நெட் இணைப்பு. ஒருநாள் ஷுக்ரி மாடியேறி வந்து, "பாஷா, நானும் பாட்டு கேக்க ஆரம்பிச்சுட்டேன். கீழ வந்து பாருங்க" என்றான்.

ரிஃபாத் போய்ப் பார்த்தார். மேஜைமேல் சோப்புப் பெட்டி அளவில் ஒரு கறுப்பு டப்பா. இடுப்பளவுகூட இல்லாத இரண்டு ஸ்பீக்கர்கள். பாட்டெல்லாம் ஒரு ஹார்ட் டிஸ்க்கில் கிடந்தது. மூலையிலிருந்த சின்னக் கம்ப்யூட்டர் அதைப் படித்து இணைப்பு வழியாக டப்பாவுக்கு அனுப்ப, போனைத் தொட்டால் பாட்டு வந்தது.

"இது என்னடா, டிபன் டப்பாவா?"

"சிரிங்க பாஷா, சிரிங்க. ஒரு மைக்கை நடுவுல வச்சேன். ஸ்பீக்கர் ஒவ்வொண்ணா கூவிக் கூவி ரூமை அளந்துது. எந்தச் சுவர்ல சத்தம் முட்டுதுன்னு பார்த்து அதுவே சரிபண்ணிக்கிச்சு. எனக்கு ஒண்ணும் தெரியாது. எல்லாம் அதுவே பாத்துக்கிச்சு."

ஷுக்ரி போனைத் தொட்டான். ரிஃபாத் மனப்பாடமாக அறிந்த கச்சேரிதான். ஆனால் பாடகி இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவே, எதுவுமே இல்லாத வெற்றிடத்தில், ஆள் உயரத்தில் வந்து நின்றாள். மூச்சை இழுத்தாள். அவளுக்குப் பின்னால் கானூன் தந்தி வாத்தியம் வாசிப்பவர் விரலை மாற்றுவதுகூடக் கேட்டது. இத்தனை வருஷம் இவள் தன் வீட்டில் பாடியிருக்கிறாள். ஒருநாளாவது இப்படி வந்து நின்றதுண்டா?

"என்ன பாஷா, ஒண்ணுமே சொல்லமாட்டேங்கறீங்க?"

"சத்தம் கொஞ்சம் கூர்மையா இருக்கு" என்றார்.

"உங்க காதுக்குத் தெரியாததா? சொல்லிக்குடுங்க, கத்துக்கறேன். இந்தாங்க, உங்க போன்லயும் இந்த ஆப்பைப் போட்டுவிடறேன். ஒரே இணைப்புதானே? மேல இருந்தே பாட்டு மாத்தலாம்."

அந்த வெள்ளந்தித்தனம்தான் ரிஃபாத்துக்கு இன்னும் எரிந்தது.

நீதிபதி ஒரு வியாழக்கிழமை எட்டிப்பார்க்கவென்று கீழ்வீட்டுக்குப் போனார். அடுத்த வாரமும் போனார். பிறகு நண்பர்களும் போனார்கள். "தப்பா நினைக்காதே ஹபீபி, சும்மா ஒரு மாறுதலுக்கு" என்று படியில் நின்று சொல்லிவிட்டுத்தான் இறங்குவார். சஃபினாஸும் தம்பி வீட்டுக் கூட்டத்துக்குத் தட்டு நிறைய பலகாரம் எடுத்துப் போனாள். ரிஃபாத் தன் அறையில் வால்வுகளைச் சூடேற்றிக்கொண்டு தனியாக உட்கார்ந்திருப்பார். தரைக்கு அடியிலிருந்து பத்துப் பேர் சேர்ந்து "அல்லாஹ்!" என்பது கேட்கும். அது என்ன இடம், எந்த வரி என்று அவருக்குத் தெரியும். நெஞ்சில் முள்ளாய்க் குத்தும்.

ஒருநாள் மத்தியானம் அதே அறையில் தனியாக உட்கார்ந்து போனைக் குடைந்துகொண்டிருந்தார். ஷுக்ரியின் டப்பா அதில் பெயரோடு தெரிந்தது. அமைப்புகளுக்குள்ளே, இன்னும் உள்ளே, யாரும் திறந்து பார்க்காத ஒரு பக்கம். வலது ஸ்பீக்கரின் மின்முனைகளைத் தலைகீழாக்க ஒரு பொத்தான். அதை அழுத்தினால், ஒரு ஸ்பீக்கர் காற்றை முன்னால் தள்ளும்போது மற்றது பின்னால் இழுக்கும். இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடும். ரிஃபாத் நன்றாகத் தெரிந்தேதான் அழுத்தினார்.

அந்த வியாழன் அவரும் கீழே போனார். பாட்டு தொடங்கியது. பாடகியைக் காணோம். குரல் அறை முழுக்கச் சிதறி, எங்கிருந்து வருகிறதென்றே பிடிபடாமல் அலைந்தது. தாளத்தின் கனமெல்லாம் வடிந்துபோயிருந்தது.

நீதிபதி தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். "ஷுக்ரி, என்னப்பா இது? இந்தம்மா பக்கத்து வீட்டுக் குளியலறையில இருந்து பாடற மாதிரி இருக்கே!"

எல்லோரும் சிரித்தார்கள். ஷுக்ரியும் சிரித்தான். ஆனால் முகம் சுருங்கிப் போயிற்று.

அதற்குப் பிறகு அவன் படாத பாடில்லை. வயர்களை மாற்றினான். சோபாவை நகர்த்தினான். கம்பளத்தைச் சுருட்டினான், திரும்ப விரித்தான். மைக்கை வைத்து மறுபடி அளந்தான். மைக் ஸ்பீக்கர்களைத் தனித்தனியாகத்தானே அளக்கும்? தனித்தனியாக இரண்டும் சரியாகவே பாடின. எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக அமைக்கட்டுமா என்று ஒருநாள் கேட்டான்.

"வேண்டவே வேண்டாம். நீ சேத்து வச்ச பாட்டெல்லாம் போயிடும்" என்று ரிஃபாத் தடுத்தார். அது பொய். "கெட்டியா ஒரு திரை வாங்கி மாட்டு, சரியாயிடும்."

பாவம், ஷுக்ரி திரை வாங்கி மாட்டினான்.

நண்பர்கள் மாடிக்குத் திரும்பினார்கள். "பழசுதான் பழசு, ஹபீபி" என்றார் நீதிபதி. ரிஃபாத் மலர்ந்துபோய் இசைத்தட்டை வைத்தார். ஆனால் அவர் காது கெட்டுப்போயிருந்தது. அந்தப் பெரிய ஸ்பீக்கர்களுக்கு நடுவே அவளைத் தேடினார். அங்கே யாருமில்லை. குரல் இரண்டு மரப்பெட்டிகளுக்குள் இருந்துதான் வந்தது. நீதிபதி தொடையில் தட்டினார். "அல்லாஹ்!" என்றார். அது ரிஃபாத்தின் காதில் விழவேயில்லை.

ஷுக்ரி வேலைக்குப் போகும் நேரம் அவருக்குத் தெரியும். கீழ்வீட்டுச் சாவி ஒன்று எப்போதும் ரிஃபாத் வீட்டிலேயே இருக்கும். ஒரு பகலில் கீழே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, போனில் அந்தப் பொத்தானை மறுபடி அழுத்திச் சரியாக்கினார். அவள் வந்தாள். நடுவில் நின்றாள். அவருக்கு மட்டும் பாடினாள். முடிந்ததும் பழையபடி தலைகீழாக்கிவிட்டு மேலே வந்தார். மறுநாளும் போனார். பிறகு அதுவே வழக்கமாயிற்று. கடையைப் பையன்களிடம் விட்டுவிட்டு வந்து, வேறு யாருக்கும் கிடைக்காத அவளைத் தான் மட்டும் கேட்டார். திருட்டுச் சந்தோஷம்தான். ஆனாலும் அவர் வாழ்நாளில் அப்படி ஒன்றை அனுபவித்ததில்லை.

இதற்கிடையில் ஷுக்ரி காது டாக்டரிடம் போய்வந்தான். லிஃப்ட் மோட்டார் இரைச்சலில் தன் காதே போய்விட்டது என்று அவனுக்குப் பயம். காதில் குறையில்லை என்று டாக்டர் சொல்லியும் அவன் நம்பவில்லை. எல்லாவற்றையும் விற்றுவிடப் போவதாக அக்காவிடம் சொன்னான்.

அதற்கு மறுநாள் சஃபினாஸ் தம்பிக்காக முட்டைக்கோஸ் மஹ்ஷி செய்து, அவன் ஃப்ரிட்ஜில் வைக்கக் கீழே போனாள். கதவைத் திறந்ததும் பாட்டு. பாடகி அறையின் நடுவில் நின்றுகொண்டிருந்தாள். எதிரே சோபாவில் கண்ணை மூடியபடி ரிஃபாத், கன்னமெல்லாம் ஈரம்.

"சரியாயிடுச்சா?" என்றாள் அவள் ஆசையாக.

ரிஃபாத் திடுக்கிட்டு எழுந்தார். பதற்றத்தில் கை தானாகப் போனைத் தொட்டது. பாடகி சிதறிப் போனாள். சஃபினாஸ் போனைப் பார்த்தாள், ஸ்பீக்கரைப் பார்த்தாள், கணவனின் முகத்தைப் பார்த்தாள். பாத்திரத்தை மெதுவாகக் கீழே வைத்தாள்.

"நீயா ரிஃபாத்?"

ரிஃபாத் போனைச் சட்டைப்பைக்குள் திணித்தார்.

"காது போச்சுன்னு அந்தப் பய அழுதான். என் எதிர்ல உக்காந்து அழுதான். நீயும் பக்கத்துல இருந்து டீ குடிச்சிக்கிட்டிருந்தியே!"

"சஃபினாஸ், அது வந்து..."

"வாயைத் திறக்காதே. வியாழக்கிழமை எல்லாரையும் கூப்பிடறேன். நீயே கண்டுபிடிச்ச மாதிரி கண்டுபிடி. நீயே சரிபண்ணு."

"அவன்கிட்ட சொல்லப்போறியா?"

"மாட்டேன். சொன்னா அவன் உன்னை மன்னிச்சிடுவான். அதைப் பாக்க எனக்குச் சக்தியில்ல."

வியாழன் வந்தது. ஷுக்ரியின் வீட்டில் எல்லோரும் கூடியிருந்தார்கள். ரிஃபாத் போனைக் குடைவதுபோல் குடைந்து, "இதோ, இங்க ஒண்ணு தப்பா மாறியிருக்கு" என்று பொத்தானை அழுத்தினார். பாடகி வந்து நின்றாள். ஷுக்ரி ஒரு கணம் அசையாமல் கேட்டான். பிறகு ஓடிவந்து ரிஃபாத்தின் தலையைப் பிடித்து நெற்றியில் முத்தமிட்டான்.

"என் காது போகல பாஷா! பார்த்தீங்களா எல்லாரும்? என் காது போகல! இந்த மனுஷன் இல்லேன்னா எல்லாத்தையும் வித்திருப்பேன்."

"கெய்ரோவுலயே இதுதான்யா காது!" என்றார் நீதிபதி. எல்லோரும் கைதட்டினார்கள். சஃபினாஸ் மட்டும் தட்டவில்லை.

ஷுக்ரி அவரைப் பிடித்து இழுத்து, நடு நாற்காலியில், குரல் மிகச் சரியாக வந்து விழும் இடத்தில் உட்காரவைத்தான். பாட்டு தொடர்ந்தது. அடுத்த வரிக்கெல்லாம் கைதட்டலும் ஓய்ந்தது, ரிஃபாத்தையும் மறந்துபோனார்கள். எல்லோர் முகமும் அந்தச் சின்ன ஸ்பீக்கர்கள் பக்கம் திரும்பிவிட்டது. பாடகி அந்த வரியை எடுத்தாள், விட்டாள், மறுபடி எடுத்தாள். அறையே "அல்லாஹ்!" என்றது. ரிஃபாத்தின் தொண்டைவரை அந்தச் சொல் வந்தது. பல்லைக் கடித்து அதை விழுங்கினார்.

நேற்றுவரை அவள் அவருக்கு மட்டும் பாடினாள்.

பக்கத்தில் குனிந்து, கண்கள் பளபளக்க, ஷுக்ரி கேட்டான். "எப்படி இருக்கு பாஷா?"

"பரவாயில்ல" என்றார் ரிஃபாத்.