பூஜையில் இருந்த கத்தரிக்கோல்

மங்கம்மாவின் பிரசவப் பெட்டியைத் திறந்து, உள்ளே இருந்த கத்தரிக்கோலை எடுத்து, அதன் இரண்டு அலகுகளிலும் சந்தனம் பூசிக் குங்குமம் வைத்திருந்தார்கள். ஏர்க் கொழு, அரிவாள், மண்வெட்டி எல்லாம் வரிசையாக இருந்தன. நடுவே அந்த அலுமினியப் பெட்டி.

"நான்தான் வெச்சேன் அத்தே," என்றான் மருமகன் சென்னப்பன், பெருமையோடு. "நீங்க கையில புடிக்கிறதும் ஆயுதந்தானே?"

உள் அறையில் ருக்மணி முனகினாள். மங்கம்மாவின் ஒரே மகள். மூன்றாவது பிரசவம். முதல் இரண்டும் தங்கவில்லை. அதனால்தான் இரண்டு நாள் முன்னதாகவே பெட்டியைச் சம்பந்தி வீட்டில் கொண்டுவந்து வைத்திருந்தாள் மங்கம்மா. அது ஆயுத பூஜைக்கு அகப்பட்டுக்கொண்டது.

குனிந்து கத்தரிக்கோலை எடுக்கப் போனாள்.

"ஐயோ, தொடாதே சம்மந்தி!" சம்பந்தியம்மாள் வெங்கடம்மாள் ஓடி வந்தாள். "நாளைக்கி மறுபூஜை போட்டப்புறந்தான் எடுக்கணும். இன்னிக்கி இந்த ஊர்ல ஒருத்தன் வெங்காயம் அரியல, தெரியுமா?"

"கொடி அறுக்கணுமே."

"கூடையிலேர்ந்து மூங்கில் சிம்பு ஒண்ணு ஒடைச்சித் தரேன். எங்கம்மா எங்க ஒன்பது பேரையும் அதாலதான் அறுத்துது."

"ஒன்பதுல எத்தினி தங்குச்சி?"

"நாலு," என்றாள் வெங்கடம்மாள், அதில் ஒரு குறையும் தெரியாதவளாக.

ஓசூரில் மருத்துவச்சிகளுக்கு ஆறு வாரம் நடந்த பயிற்சியில் நர்ஸ் லூர்தம்மாள் சொன்னது மங்கம்மாவின் காதில் இருந்தது. பிறந்த ஏழாம் நாள், எட்டாம் நாள், குழந்தை பால் குடிப்பதை நிறுத்தி, வாய் பூட்டிக்கொண்டு, முதுகு வில்லாக வளைந்து போகிறதே, அது பட்சி தோஷமும் இல்லை, கண்ணேறும் இல்லை. கொடியை அறுக்கிற கத்தியில் ஒட்டியிருக்கும் அழுக்கு. அவ்வளவுதான். கத்தரிக்கோலைக் கொதிக்க வைத்தால் அது வராது.

பயிற்சிக்கு வந்த மற்ற பெண்கள் கேள்வி மேல் கேள்வி கேட்டார்கள். மங்கம்மா ஒன்றும் கேட்கவில்லை. ருக்மணியின் முதல் பையனுக்கும் அடுத்த பெண்ணுக்கும் கொடி அறுத்தது அவள்தான். கதிர் அறுக்கிற அரிவாளை முந்தானையில் துடைத்து அறுத்தாள். இரண்டும் எட்டு நாளைத் தாண்டவில்லை.

லூர்தம்மாள் அதைச் சொன்ன அன்று மத்தியானச் சாப்பாட்டில் உப்பே இல்லை என்று மற்றவர்கள் சண்டை போட்டார்கள். மங்கம்மாவுக்கு அது தெரியவில்லை. சாப்பிட்டாள், தட்டைக் கழுவி வைத்தாள். அழுகை வரும் என்று நாலு மாதம் காத்திருந்தாள். வரவில்லை. யாரிடமும் சொல்லவும் இல்லை.

இப்போது கத்தரிக்கோலைக் கையில் எடுத்துவிட்டாள்.

"சாமி குத்தம்!" என்று கத்தினாள் வெங்கடம்மாள். "எடுத்ததுமில்லாம எங்க கொண்டு போறே?"

"அடுப்புக்கு. காய்ச்சணும்."

"சந்தனம் வெச்ச பொருளை நெருப்புல ஏத்துவியா? இரும்பை வேகவெச்சி என்ன, கொழம்பா ஊத்தப் போறே? டேய் சென்னப்பா, வாங்குடா அவ கையிலேர்ந்து!"

சென்னப்பன் தயங்கித் தயங்கி ஓர் அடி வைத்தான். வெங்கடம்மாள் அடுப்பை மறித்து நின்றுகொண்டாள்.

"நான் கேக்கறேன், சொல்லு. அந்த ரெண்டுக்கும் நீதானே பாத்தே? அப்ப இதெல்லாம் காய்ச்சினியா?"

உள்ளே முனகல் நின்றிருந்தது. அறைக்கும் அடுப்புக்கும் நடுவே ஒரு படல்தான்.

"இல்ல," என்றாள் மங்கம்மா. "காய்ச்சல. அதனாலதான் ரெண்டும் செத்துச்சி. நான் அறுத்த அருவாளாலதான்."

சந்தை விலை நிலவரம் சொல்வதுபோல அவள் குரல் இருந்தது. சென்னப்பன் அப்படியே நின்றுவிட்டான்.

படலுக்குப் பின்னாலிருந்து ருக்மணியின் குரல் வந்தது. அம்மாவை அவள் கூப்பிடவில்லை.

"அத்தே. தண்ணி வைங்க."

வெங்கடம்மாள் நகர்ந்தாள். சட்டியை அவளே ஏற்றினாள்.

தண்ணீர் கொதித்தது. சந்தனம் கரைந்து மஞ்சளாக மிதந்தது. மங்கம்மா அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, வேறு தண்ணீர் ஊற்றி, கத்தரிக்கோலையும் கட்டும் நூலையும் மறுபடி கொதிக்க வைத்தாள். சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவினாள். நகத்தைத் தேய்த்தாள். பொழுது சாய்வதற்குள் பெண் குழந்தை பிறந்தது. இரண்டு இடத்தில் கட்டி, நடுவே வெட்டினாள். வெங்கடம்மாள் பழக்கத்தில் தொப்புளில் வைக்கச் சாணிச் சாம்பலோடு வந்தவள், வாசற்படியிலேயே நின்று, அதைத் திரும்பக் கொண்டு போனாள்.

அதன் பிறகு தினமும் காலையில் மங்கம்மா வந்தாள். தொப்புளைப் பார்த்தாள். சுண்டு விரலைக் கழுவிக் குழந்தையின் வாயில் வைத்தாள். அது இழுத்துச் சப்பியது. ருக்மணி சுவரைப் பார்த்துப் படுத்திருப்பாள். ஒரு வார்த்தை இல்லை. ஏழாம் நாளும் அப்படித்தான். எட்டாம் நாள் வெங்கடம்மாள் வேலைக்குப் போகாமல் குழந்தையின் தாடையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்பதாம் நாள் கொடி உதிர்ந்தது.

பத்தாம் நாள் மங்கம்மா விரலை வைத்தபோது குழந்தை அதைத் துப்பிவிட்டு, பாலுக்கு வீல் என்று கத்தியது. வெங்கடம்மாள் சிரித்தேவிட்டாள். மங்கம்மா விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். தனக்குள்ளே ஏதாவது நடக்கிறதா என்று பார்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை.

ருக்மணி குழந்தையை மார்பில் போட்டுக்கொண்டாள். பத்து நாளில் முதல் முறையாகப் பேசினாள், சுவரைப் பார்த்தபடியே.

"கீழத்தெரு மாரம்மாவுக்கு நோவு கண்டிருக்குதாம். அவங்க வீட்டுலயும் அருவாதான் இருக்கும்."

"ம்."

"அப்ப இங்க என்ன ஒக்காந்துட்டிருக்கே?"

மங்கம்மா எழுந்து பெட்டியை எடுத்தாள். மூடியின் கீல் இடுக்கில் சந்தனம் காய்ந்து கிடந்தது. நடந்துகொண்டே அதை நகத்தால் சுரண்டினாள். அது முழுதாக வருவதற்குள் மாரம்மா வீடு வந்துவிட்டது.

"தண்ணி வைங்க," என்றாள்.