சுழியத்துக்குக் கீழே நான்கு

லொரெட்டாவை எனக்குப் பிடிக்காது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதை எழுதுவதே அவளுக்கு நன்றி சொல்லத்தான்.

எங்கள் கிப்ஸ்லாந்து கடற்கரையில் மீன்பிடிப் படகுகள் ஆற்று முகத்துவாரம் வழியாகத்தான் துறைமுகத்துக்குள் வரவேண்டும். வாசலிலேயே ஒரு மணல்திட்டு. அதன்மேல் தண்ணீர் போதாதபோது உள்ளே வந்தால் படகின் அடி திட்டில் தட்டும். பின்னால் வரும் அலை புரட்டிப் போட்டுவிடும். அதனால்தான் கரையில் ஒரு விளக்கு வைத்தோம். ஒரு கருவி, வழக்கமாக நீர் மிகக் கீழே இறங்கும் மட்டத்தைச் சுழியமாக வைத்து, தண்ணீரின் உயரத்தைச் சென்டிமீட்டரில் அளந்து அனுப்பும். எண்பதுக்கு மேல் இருந்தால் பச்சை, வா. இல்லையென்றால் சிவப்பு, வெளியே நில். அந்த விளக்குக்கு புரோகிராம் எழுதியவள் நான், மெரின்.

லொரெட்டா கடல் மீட்புச் சங்கத்தின் ரேடியோக் கொட்டகையில் உட்கார்ந்து படகுகளோடு பேசுபவள். விளக்கு வந்த நாளிலிருந்து அவளுக்கு அதன்மேல் எரிச்சல். முகத்துவாரத்தில் நட்டிருக்கும் அளவுக் கம்பத்தைத்தான் நம்புவாள். போன மாதம் விளக்கு தப்பு என்று புகார் செய்தாள். போய்ப் பார்த்தால் கம்பம்தான் சாய்ந்திருந்தது. நான் சும்மா இருந்திருக்கலாம். கிளப்பில் எல்லோர் முன்னாலும், "அடுத்த தடவை கண்ணாடி போட்டுட்டு பாரு, லொரெட்டா" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவள் பீரைப் பாதியில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

அந்த வியாழக்கிழமை மதியம் சாசேஜ் ரோலைக் கடித்துக்கொண்டிருந்தபோது அவளிடமிருந்து போன்.

"மெரின், உன் விளக்கு பச்சையா எரியுது."

"எரியட்டுமே. பச்சைன்னா தண்ணி இருக்குன்னு அர்த்தம்."

"காலைலேர்ந்து தண்ணி இறங்கிட்டே இருக்கு, விளக்கும் சிவப்பாத்தான் இருந்துச்சு. இப்ப இன்னும் இறங்கினப்புறம் பச்சையாகுது. இது எந்த ஊரு நியாயம்?"

"மறுபடியும் கம்பம் சாஞ்சிருக்கும்."

"உங்கண்ணன் வந்துட்டு இருக்கான்" என்றாள். "வெளிய நில்லுன்னு ரெண்டு தடவை சொல்லிட்டேன். என் தங்கச்சி விளக்கு வான்னு சொல்லுது, நீ யாருன்னு சிரிக்கிறான். பத்து நிமிஷத்துல திட்டுக்கு வந்துடுவான்."

அண்ணன் டல்லஸ். படகில் அவனோடு இன்னும் இரண்டு பேர். தெற்கிலிருந்து பெரிய அலை அடித்துக்கொண்டிருந்தது என்று காலைச் செய்தியிலேயே கேட்டிருந்தேன். அப்போதும் நான் சொன்னது, "இரு, பார்க்கறேன்" என்று சலிப்பாகத்தான். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

கருவி அனுப்பிய எண்கள் திரையில் வந்தன. ஆறு. மூன்று. ஒன்று. சுழியம். அதற்கடுத்து அறுபத்தைந்தாயிரத்து ஐந்நூற்று முப்பத்தைந்து. கடைசியாக வந்தது அறுபத்தைந்தாயிரத்து ஐந்நூற்று முப்பத்திரண்டு.

புரோகிராம் எழுதுகிற யாருக்கும் அந்த எண் எங்கிருந்து வருகிறது என்று தெரியும். அது மைனஸ் நான்கு. கருவி அனுப்புவது கழித்தல் குறியும் வரக்கூடிய எண். நானோ அதை அன்சைன்டு எண்ணாக வாங்கி வைத்திருந்தேன், அதாவது கழித்தல் குறிக்கே இடமில்லாத பெட்டியில். சுழியத்துக்குக் கீழே போன எண் அந்தப் பெட்டிக்குள் நுழைந்தால் உச்சியிலிருந்து எண்ணப்படும். என் புரோகிராமுக்குத் திட்டின்மேல் தண்ணீர் அறுநூற்றைம்பது மீட்டர் உயரம். எண்பதைவிடப் பெரிது, பச்சை.

மூன்று நாளாக அடித்த வடக்குக் காற்று கடலையே கரையிலிருந்து தள்ளிவிட்டிருந்தது. சுழியத்துக்குக் கீழே தண்ணீர் இறங்கியதை யாரும் அதுவரை கண்டதில்லை. புரோகிராமை எழுதிய அன்றே, அதைச் சரிபார்த்து மொழிபெயர்க்கும் கம்பைலர் மஞ்சள் எழுத்தில் கேட்டது: குறியுள்ள எண்ணைக் குறியில்லாததில் போடுகிறாயே, யோசித்தாயா? நான் ஒரு காஸ்ட் எழுதி, அதாவது "தெரிந்துதான் போடுகிறேன்" என்று அதனிடம் சொல்லி, அதன் வாயை அடைத்தேன். பக்கத்தில் குறிப்பு வேறு: தண்ணீர் சுழியத்துக்குக் கீழே போகாது. ஆழம் தெரியாமல் காலை விட்டது நான், மூழ்கவிருந்தது அண்ணன்.

"லொரெட்டா, போனை மைக் பக்கத்துல வை. நான் அவன்கிட்ட பேசறேன்."

"எல்லா படகும் கேட்கும், மெரின்."

"கேட்கட்டும்."

இரைச்சல். பிறகு இன்ஜின் சத்தத்தோடு அண்ணன் குரல்: "என்னம்மா, நீயா? உன் விளக்கு ஜோரா எரியுது. வந்துட்டேன், அலை கொஞ்சம் ஓயத்தான் காத்திருக்கேன்."

"அண்ணா, வராத. திருப்பு. விளக்கு பொய் சொல்லுது."

"விளையாடாத. கருவி பழுதா?"

"கருவி சரியாத்தான் இருக்கு. நான் எழுதினதுதான் தப்பு. திட்டு மேல தண்ணி இல்ல. லொரெட்டா சொல்றதுதான் நிஜம். திருப்பு அண்ணா, உன் கால்ல விழறேன்."

இன்ஜின் சத்தம் திடீரென்று உயர்ந்தது. சாசேஜ் ரோல் என் கையில் நசுங்கிக் கிடந்தது. பிறகு லொரெட்டாவின் குரல், மெதுவாக: "திரும்பிட்டான்." அவன் போகவிருந்த இடத்தில் ஓர் அலை மணலோடு பழுப்பாக உடைந்ததாம்.

அவன் வெளியே ஐந்து மணி நேரம் ஆடிக்கொண்டு, நடந்ததை நான் ரேடியோவில் விளக்கக் கேட்டபடி நின்று, நீர் ஏறியதும் வந்து சேர்ந்தான். கரையில் என்னைப் பார்த்ததும், "அறுநூறு மீட்டராமே! திமிங்கலமே உள்ள வரலாம்" என்று சிரித்துவிட்டு, திடீரென்று என்னைக் கட்டிக்கொண்டான். நான் அழுதேன், வெட்கமே இல்லாமல்.

அதற்குள் விளக்கைச் சிவப்பில் பூட்டி, பெட்டியைக் குறியுள்ளதாக மாற்றி, மைனஸ் நான்கைக் கொடுத்துச் சோதித்திருந்தேன். திருத்தம் ஒரே ஒரு வரி. பிறகு கொட்டகைக்குப் போனேன். லொரெட்டா ரேடியோப் பதிவேட்டில் எழுதிக்கொண்டிருந்தாள். திட்டுவாள் என்று தயாராகத்தான் போனேன். திட்டியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

"மூணு உயிரை நீ காப்பாத்தின. நன்றிங்கிற வார்த்தை பத்தாது, லொரெட்டா."

அவள் நிமிரவில்லை. "ரொம்பப் புகழாத. உனக்கு போன் பண்றதுக்கு முன்னாடி கொஞ்ச நேரம் போனை கையிலயே வச்சிருந்தேன்."

"ஏன்?"

"மறுபடி கிளப்ல சிரிப்பியோன்னு."

அந்தக் கொஞ்ச நேரத் தயக்கம் என்னால் வந்தது. கம்பைலரை மௌனமாக்கியதுபோல் ஒரு மனுஷியையும் ஏறக்குறைய மௌனமாக்கியிருந்தேன். அதைத் தாண்டியும் அவள் என் போன் எண்ணை அழுத்தியிருக்கிறாள். நான் அவள் எதிரில் உட்கார்ந்து, "மன்னிச்சிடு" என்றேன். அவள் பேனாவை மூடிவிட்டு எனக்கும் ஒரு தேநீர் போட எழுந்தாள்.